வரிசையில் வைத்த செருப்பு

1990ஆம் ஆண்டு ஆவணி இரண்டாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. பல்கனியில் தொங்கிய வெப்பமானி அந்த நேரத்திலேயே இருபத்தாறு காட்டியது. பிராங்பேர்ட்டுக்கு வடக்கே உள்ள இந்தச் சிறு நகரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பெற்றோல் நிலையம் இருக்கிறது. நான் இங்கு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அங்கே நான்கு கார்களுக்கு மேல் ஒன்றாக நின்றதை நான் கண்டதில்லை. அன்று பதினொன்று நின்றன. இரண்டாம் முறையும் எண்ணினேன், பதினொன்றுதான். முன்னால் ஒருவன் ஏணியில் ஏறி நின்று விலைப் பலகையின் எண்களைக் கழற்றி வேறு எண்களைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் நீண்ட காலம் முகாமையாளராக இருந்தவன் நான். செய்தி வானொலியில் வருவதற்கு முன் விலையில் வந்துவிடும் என்பது என் அனுபவம். கடைக்காரன் மண்ணெண்ணெய்ப் பீப்பாவை உள்ளே உருட்டுகிறான் என்றால் எங்கோ ஒரு பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு சவர்க்காரம்தான் என்றால் எங்கோ ஒரு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. எண்பத்து மூன்றுக்குப் பிறகு எங்கள் ஊரில் வரிசையைக் கண்டால் முதலில் சேர்ந்துகொள்வோம், என்ன கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் கேட்போம். நாள் முழுக்க வெயிலில் நிற்க யாரால் முடியும்? ஆகவே ஆளுக்குப் பதில் பொருள் நிற்கும். ஒருவர் தன் எண்ணெய்க் கானை வைத்துவிட்டு மரநிழலுக்குப் போவார். கான் இல்லாதவர் ஒரு கல்லை வைப்பார், அதுவும் இல்லாதவர் செருப்பைக் கழற்றி வைப்பார். வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் முன்னால் உள்ள கானையும் காலால் தள்ளிவிட வேண்டும். அதை மீறி ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்ததாக என் கடை வாசலில் நடந்ததில்லை.

பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒன்பது மார்க் ஐம்பது பெனிக் கொடுத்து ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் கான் வாங்கினேன். பதினோராவது காருக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு எதிரே மரத்தின் கீழ் போய் நின்றேன். பன்னிரண்டாவதாக வந்த காரிலிருந்து ஒரு தடித்த மனிதர் இறங்கினார். கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வோ இஸ்ட் இர் அவுட்டோ?" என்றார். என் காரைக் கேட்கிறார் என்று விளங்கியது. கானைக் காட்டி, "மைன் பிளாட்ஸ்" என்றேன், என் இடம் என்று. அவர் சுட்டுவிரலால் தன் நெற்றிப்பொட்டை இரண்டு தரம் தட்டிக் காட்டினார். எங்கள் ஊரில் அப்படிக் காட்டினால் மூளைசாலி என்று பொருள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். இங்கே அதற்கு விசர் என்று பொருளாம், மகன் பிறகுதான் சொன்னான்.

மகன் தயாபரன் அதற்குள் வாசலுக்கு ஓடி வந்துவிட்டான்.

"அப்பா, றோட்டிலை நிண்டு என்ன செய்யிறியள்?"

"விலை ஏறுது தயா. எங்கையோ அடி துவங்கீட்டுது. இந்தக் கண் பிழை விடாது."

"எங்கையெண்டு பாத்தனீங்களே?"

"இல்லை, நான் விடியக்காலமையிலையிருந்து அடுப்படியிலை."

"குவைத்திலை அப்பா. ஈராக்காரன் ராத்திரி உள்ளுக்கை பூந்திட்டான். ரீவியிலை போகுது."

அந்த ஒரு நிமிடம் வரை என்னிடம் இருந்த உற்சாகம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்று பிற்பகல் மூன்றரைக்கு என் மனைவி மங்கையர்க்கரசி பிராங்பேர்ட்டில் வந்து இறங்க இருந்தாள். அவளுக்காகத்தான் ஐந்து மணிக்கு எழும்பிக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த வழி, கொழும்பிலிருந்து குவைத், குவைத்திலிருந்து பிராங்பேர்ட். அந்த வழியைத் தெரிவு செய்தவன் நான்.

எப்படித் தெரிவு செய்தேன் என்று சொல்ல வேண்டும். எண்பத்தெட்டில் நான் மகனிடம் வந்தபோது, இளைய மகளுக்குக் கலியாணம் முடிந்தபின் வருகிறேன் என்று மங்கை நின்றுவிட்டாள். கலியாணம் முடிந்தது, விசாவும் கிடைத்தது. தொண்ணூறு ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்க, அவள் எப்படியோ வன்னியைக் கடந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். பயண முகவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று மொஸ்கோ, மற்றது குவைத். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்று. மங்கை ரெலிபோனில் கேட்டாள். நான் உலக வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவளுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். ரஷ்யா கழன்றுகொண்டிருக்கிறது, லித்துவேனியா போய்விட்டது, மொஸ்கோவில் பாண் ரொட்டிக்கு வரிசை, அந்தப் பக்கம் கால் வைக்காதே. குவைத் சின்ன நாடு, காசுக்காரன், யாரோடும் சண்டை இல்லை. ஈரானோடு எட்டு வருடம் அடிபட்டுக் களைத்த ஈராக் இப்போது மூச்சு வாங்குகிறது. குவைத்தால் வா என்றேன்.

"உங்கடை கணக்கு எனக்குத் தெரியாதே?" என்றாள் மங்கை. "இந்தியன் வந்தால் ஆறு மாதத்திலை எல்லாம் சரி எண்டனீங்கள்."

அதற்கும் ஒரு கதை உண்டு. எண்பத்தேழில் எங்கள் வடமராட்சிக்குள் இலங்கை இராணுவம் புகுந்தபோது நாங்கள் நீர்வேலியில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தோம். ஆனி நாலாம் திகதி பின்னேரம் வானம் இரைந்தது. எல்லோரும் பங்கருக்குள் ஓட, நான் வெளியே நின்று எண்ணினேன். ஐந்து பெரிய விமானங்கள், அவற்றைச் சுற்றிச் சிறிய போர் விமானங்கள். குண்டு விழவில்லை, பரசூட்டில் பொதிகள் விழுந்தன. இந்தியா அரிசியும் பருப்பும் போட்டது! சனம் தெருவில் இறங்கிக் கூத்தாடியது. வல்வெட்டித்துறைக்காரரான சிவகுரு அண்ணை எங்களோடு அகதியாக இருந்தார். இளமையில் கப்பலில் முக்கால் உலகம் சுற்றியவர். அவர் மட்டும் துள்ளவில்லை.

"மனேச்சர், ஒரு நாடு மற்ற நாட்டுக்குப் பருப்புப் போடுறது பசிக்கில்லை," என்றார். "திருகோணமலைத் துறைமுகத்தைப் பாத்துப் போடுது. அமெரிக்கன் அங்கை வரக்கூடாது, அவ்வளவுதான்."

"எதுக்குப் போட்டால் என்ன அண்ணை, எங்கடை பக்கம் ஒரு பெரிய நாடு வந்திட்டுதெல்லே!"

"வந்தவன் போகவும் செய்வான். போகேக்கை எங்களிட்டைக் கேட்டிட்டே போவான்?"

ஒப்பந்தம் வந்தது, இந்திய இராணுவம் வந்தது, மூன்று மாதம் முடிவதற்குள் எங்களோடேயே சண்டை வந்தது, தொண்ணூறு பங்குனியில் அவர்கள் கப்பலேறினார்கள். டில்லியில் ஆட்சி மாறியதற்கும் எங்கள் ஒழுங்கையில் காவலரண் மறைந்ததற்கும் சம்பந்தம் இருந்தது. தூரத்தில் ஒரு மேசையில் ஒருவன் கதிரை மாறி உட்கார்ந்தால் எங்கள் குசினியில் விளக்கு அணையும். இதை நான் வாசிகசாலையில் பலருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் என் மனைவி ஏறும் விமானத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை.

அன்று எப்படியும் பிராங்பேர்ட்டுக்குப் போனோம். குவைத்திலிருந்து வரும் விமானத்துக்கு நேரே பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நேரம் தாமதம் என்றுகூட இல்லை, வெறுமையாக விட்டிருந்தார்கள். இரவு ஒன்பது மணிவரை அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு இருபத்தொன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. முகவர் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். கொழும்பில் அதிகாரிகள் பட்டியல் தயாரிக்கிறோம் என்றார்கள். நான் வானொலியை விட்டு அசையவில்லை. பயத்தோடு இன்னொன்றும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதை மறைப்பானேன்? உலகம் என் கண்முன் தன் கதிரைகளை மாற்றிக்கொண்டிருந்தது! நாற்பது வருடம் முகம் பார்க்காத அமெரிக்கனும் ரஷ்யனும் ஒரே பக்கம் கை உயர்த்தினார்கள். சிரியா அமெரிக்கனோடு சேர்ந்தது. யாரோடும் பகைக்க முடியாத ஜோர்தான் நடுவில் நின்று திண்டாடியது.

எங்கள் தீவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் தேயிலையை விரும்பி வாங்கிய நல்ல வாடிக்கைக்காரன் ஈராக், அவனுக்கு இனி விற்க முடியாது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் குவைத்திலிருந்து அனுப்பிய காசு அரசாங்கத்துக்கு டொலர், அது நின்றுவிட்டது. வாங்கும் எண்ணெயின் விலை ஏறிவிட்டது. விற்பது, அனுப்புவது, வாங்குவது, மூன்றும் ஒரே இரவில் அடிபட்டன. மறுபக்கம் வடக்கில் யுத்தத்துக்குச் செலவு. நெல்லியடியில் ஏற்கெனவே தடையால் மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். கால் ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அப்படி மூச்சிரைக்க மிதித்து அவர்கள் கேட்ட செய்தி, எண்ணெய் மேலும் விலை ஏறும் என்பது. அவர்களுடைய ஒரு போத்தல் எண்ணெய்க்கு இரண்டு யுத்தம்.

கீழ் வீட்டில் கெஸ்லர் அம்மா என்று ஒரு விதவை. படியில் என்னைக் கண்டு, மனைவி வந்துவிட்டாளா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களை அடுக்கினேன். மைனே ஃபிறவ், குவைத், கிறீக், என் மனைவி, குவைத், யுத்தம். அதற்கு மேல் சொல் வரவில்லை, கையை விரித்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் வெள்ளைப் பூ. எங்கள் வீடுகளில் எப்போது அப்படி விளக்கு வைப்போம்! மகனை எழுப்பி, "தயா, இந்த மனிசிக்கு என்னவோ தகவல் வந்திருக்கு" என்றேன். அவன் கீழே போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். என் மனைவி செத்துவிட்டாள் என்று அவர் நினைக்கவில்லையாம். உலக யுத்தத்தில் தன் கணவனுக்காகக் காத்திருந்தபோது அவரும் அப்படித்தான் திரி ஏற்றி வைத்தாராம். வந்தாரா என்று நான் கேட்கவில்லை. திரியை உள்ளே எடுத்து மேசையில் வைத்தேன்.

ஆவணி முப்பத்தோராம் திகதி, வெள்ளிக்கிழமை. தொலைக்காட்சியில் இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றாவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ரெலிபோன் அடித்தது. மகன் எடுத்து, "அம்மா!" என்று கத்தினான். நான் பறித்தேன்.

"இஞ்சாருங்கோ, நான் அம்மானிலை நிக்கிறன்."

"ஆற்றை அம்மானிலை?"

"ஜோர்தான்! உங்கடை வரைபடத்திலை இல்லையே?"

அவள் குரலைக் கேட்டு நான் அழவில்லை, சிரித்தேன். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். விமானம் நள்ளிரவுக்கு முன் குவைத்தில் இறங்கியதாம். விடிந்தால்தான் அடுத்த விமானம் என்று ஹொட்டலில் படுக்க வைத்தார்களாம். வெடிச்சத்தம் கேட்டதும் பலாலி இராணுவ முகாமிலிருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கட்டிலுக்குக் கீழே உருண்டாளாம். அங்கே கம்பளம் விரித்திருந்ததைத் தடவிப் பார்த்தபோதுதான் நெல்லியடி அல்ல என்று தெரிந்ததாம். உடனே எழுந்து குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாளாம். மறுநாள் குழாய் நின்றபோது அந்த மாடியே அவளிடம்தான் தண்ணீர் குடித்தது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய சோமாவதி என்ற குருநாகல் சிங்களப் பெண் அவளோடு ஒட்டிக்கொண்டாள். இருவரும் பஸ்சில் பஸ்ரா, பக்தாத் என்று சுற்றி ஜோர்தான் எல்லைப் பாலைவனக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"கூடாரத்திலை எப்பிடி மங்கை?"

"நீர்வேலியிலை இருந்த மாதிரித்தான். கிணறு மட்டும் இல்லை."

தண்ணீர் வண்டி வரும்போது சனம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுமாம். மங்கை ஒரு போத்தலை மண்ணில் வைத்தாள், சோமாவதி தன் போத்தலை அதன் பின்னால் வைத்தாள். உதவிக்கு வந்த வெள்ளைக்காரப் பெடியன் குப்பை என்று நினைத்து இரண்டையும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டானாம். இருவரும் அவனைத் துரத்திப் பிடித்து வாங்கி மறுபடி வைத்தார்கள். மூன்றாம் நாள் இலங்கைப் பெண்களின் பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட போத்தல்கள் நேர்கோட்டில் நின்றன, ஆட்கள் நிழலில் இருந்தார்கள்.

அயல் கூடாரத்தில் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பொடியன் ஒருவன். இந்தியா தன் ஆட்களை விமானத்துக்கு மேல் விமானமாக ஏற்றிக்கொண்டிருந்தது. எங்கள் நாடு சின்னது, விமானம் குறைவு, யாராவது இரக்கப்பட்டு ஏற்றினால்தான் உண்டு. அவன், "அம்மா, எங்க கூட வந்துருங்க, எங்க சித்தின்னு சொல்லிடறேன்" என்றானாம்.

"நீ என்ன சொன்னனி?"

"தம்பி, போனமுறை நீங்கள் எங்கடை வீட்டை வந்த உறவே போதும் எண்டன். அவன் பாவம், ஒண்டும் விளங்காமல் ஒரு அப்பிள் தந்திட்டுப் போனான்."

பிறகுதான் அவள் குரல் தாழ்ந்தது. காலையில் அவர்களை அம்மான் விமான நிலையத்துக்கு ஏற்றி வந்திருந்தார்கள், அன்று பின்னேரம் கொழும்புக்கு ஓர் இலவச விமானம். இலங்கையர் வரிசையில் நிற்கிறார்கள். சோமாவதி போகிறாள். ஏறினால் இரவுக்குள் கொழும்பு, பிறகு பாதை திறந்தால் மகளிடம் நெல்லியடி. ஏறாவிட்டால் ஜேர்மன் விசாவோடு அம்மானில் தனியே காத்திருக்க வேண்டும், புதிதாக ரிக்கற் எடுக்க வேண்டும், அது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. விசாவுக்கோ புரட்டாதி முடிவுவரைதான் காலம். இந்தமுறை கொழும்புக்குத் திரும்பினால் இனி அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"என்ரை ஒரு செருப்பு அந்த வரிசையிலை நிக்குது," என்றாள். "மற்றதோடை நிண்டுதான் கதைக்கிறன். சொல்லுங்கோ, என்ன செய்ய?"

வரைபடம் மேசையில் இருந்தது. சவுதியில் அமெரிக்கப் படை இறங்கிக்கொண்டிருந்தது, சண்டை எப்போது வெடிக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கும் இருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"உன்ரை விருப்பம் மங்கை," என்றேன். "நீ சொல்லுறதுதான்."

"முப்பத்தாறு வருசமாய்க் கேக்காததை இப்ப கேக்கிறியள்! அரபுக்காரன்ரை ரெலிபோனிலை, நிமிசத்துக்கு நிமிசம் காசு ஓடேக்கை!"

தொலைக்காட்சியில் யாரோ யாருக்கோ கை கொடுத்தார்கள். அங்கே அவளுக்குப் பின்னால் ஒரு பெண் சிங்களத்தில் "அக்கே! அக்கே!" என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. வரிசை நகரத் தொடங்கியிருக்க வேண்டும்.

"சரி," என்றாள் மங்கை. "அந்தச் செருப்புப் போகட்டும்."

தொடர்பு அறுந்தது. மகன் என்னைப் பார்த்தான். "போகப் போறாவே, வரப் போறாவே அப்பா?" என்றான். "வாறா!" என்று நான் கத்திய கத்தில் கீழே கெஸ்லர் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

புரட்டாதி ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிராங்பேர்ட்டில் கண்ணாடிக் கதவு திறந்தது. ஒரு சாம்பல் நிறப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மங்கை வந்தாள். ஒரு காலில் வெள்ளவத்தையில் வாங்கிய நீலச் செருப்பு, மறு காலில் யாரோ ஆண்பிள்ளையின் தோல் செருப்பு. என் முகத்தைப் பார்க்க முன் என் கையில் இருந்த கானைப் பார்த்தாள். அதில் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு போயிருந்தேன், பதற்றத்தில் வேறு பாத்திரம் கிடைக்கவில்லை.

"இஞ்சையும் வரிசையோ?" என்றாள்.

இதை நான் எழுதும்போது தொண்ணூற்றொன்று மாசி. இந்த வீதியால் மார்கழி முழுவதும் இங்குள்ள அமெரிக்கப் படையின் லொறிகள் துறைமுகத்துக்குப் போயின. பச்சை நிறத்தை மறைத்து மணல் நிறம் பூசியிருந்தார்கள். ஒரு காலை மட்டும் அறுபத்து நான்கு எண்ணினேன். தையில் சண்டை தொடங்கியதும் எதிர்வீட்டு யன்னல்களில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கின. "ஆற்றை செத்தவீடு?" என்று மங்கை பதறினாள். யுத்தம் வேண்டாம் என்பதற்காம். "எங்களுக்கும் அப்பிடி ஆரும் ஒரு சீலை தொங்கவிட்டினமே?" என்று கேட்டாள். இப்போதும் அவள் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். மகன் குளிக்க முடியாமல் முணுமுணுக்கிறான்.

சென்ற கிழமை இரண்டு தகவல்கள் வந்தன. சோமாவதி குருநாகலிலிருந்து ஆள் பிடித்துத் தமிழில் எழுதுவித்திருந்தாள். விமானப் படிவரை அக்காவின் செருப்பைத் தள்ளிக்கொண்டே போனதாகவும், விட்டுவிட மனம் வராமல் கொண்டு வந்துவிட்டதாகவும், தன் வீட்டு வாசலில் இருப்பதாகவும் எழுதியிருந்தது. மகள் நெல்லியடியிலிருந்து எழுதியிருந்தாள். அம்மா ஆடியில் வெளிக்கிடும்போது கூட்டுறவுக் கடை வரிசையில் பெயர் எழுதி வைத்த கான் இன்னும் அங்கேயே நிற்கிறதாம். எண்ணெய் வரவில்லை, வரிசையும் கலையவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் அதைச் சரியாக நிமிர்த்தி வைக்கிறார்களாம்.

மங்கை இரண்டையும் கேட்டுவிட்டு எழுந்து போய், வாசலில் கிடந்த ஒற்றை நீலச் செருப்பை எடுத்துத் துடைத்து, வெளியே பார்க்கிற பக்கமாகத் திருப்பி வைத்தாள். "ஊருக்கெண்டால் சும்மா கொண்டுபோய் விட்டிருப்பாங்கள்," என்றாள். "உங்களிட்டை வரத்தான் காசு."

கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஊருக்குத் திரும்ப ஒரு சதமும் இல்லை. என்னிடம் வர, பழைய ரிக்கற், புதிய ரிக்கற், ரெலிபோன், பிராங்பேர்ட் போக்குவரத்து, அந்தப் பச்சைக் கான் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூற்று இருபத்தேழு மார்க் ஐம்பது பெனிக்.